ஒரு படம் ஓடியது, ஒரு வகையே படுத்தது

1970 மே மாதம் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. தட்டுமுட்டு என்று சொன்னாலும், அது நாற்பத்தைந்து வருடமாகப் படங்களுக்குத் தைத்தும் செய்தும் வாங்கியும் சேர்த்த மலை. உடைகள், சரவிளக்குகள், சாரட்டுகள், 'ஷோ போட்' படத்துக்காகக் கட்டிய ஒரு முழுப் படகு உட்பட எல்லாம் போனது. 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் போட்டிருந்த, ஜிகினா பதித்த சிவப்புக் காலணி ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போனது. ஹாலிவுட்டில் பாட்டுப் படம் என்றாலே எம்.ஜி.எம். என்று இருந்த காலத்துக்கும் இந்த ஏலத்துக்கும் இடையில் ஒரு தலைமுறைகூட ஆகவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும். அறுபதுகளில் காலம் மாறியது, வியட்நாம் போர் வந்தது, இளைஞர்கள் முடி வளர்த்து ராக் கேட்டார்கள், மலை உச்சியில் நின்று கை விரித்துப் பாடும் படமெல்லாம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். இது பொய்யில்லை, ஆனால் பாதிதான். என்னைக் கேட்டால் பெரிய பட்ஜெட் மியூசிக்கலை, அதாவது பாட்டுப் படத்தை, கொன்றது ஒரு தோல்வி அல்ல, ஒரு வெற்றி. 1965இல் ஒரு பாட்டுப் படம் பேய் ஓட்டம் ஓடியது. அந்த ஓட்டத்தைப் பார்த்து எல்லா ஸ்டூடியோவும் ஓட ஆரம்பித்ததில்தான் அந்த வகையே படுத்தது. ஆனால் அங்கே போவதற்கு முன்னால், இந்தப் படங்களை ஒரு காலத்தில் எப்படி மலிவாக எடுத்தார்கள் என்பதைப் பார்த்துவிட வேண்டும். அது புரியாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது.

எம்.ஜி.எம்.மில் ஆர்தர் ஃப்ரீட் என்ற தயாரிப்பாளரின் கீழ் ஒரு அணி இருந்தது. இயக்குநர், நடன அமைப்பாளர், இசைக் கோப்பாளர், வாத்தியக்குழு, ஆடுகிறவர்கள், தையல்காரர்கள், தச்சர்கள் எல்லாருமே ஸ்டூடியோவின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். இந்தப் படம் முடிந்ததும் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். நட்சத்திரங்களும் அப்படித்தான், ஏழு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டால் சொன்ன படத்தில் நடித்தாக வேண்டும். ஒரு பாட்டை எடுக்க ஐம்பது பேரைத் தேடிப் பிடித்து, பேரம் பேசி, கால்ஷீட் வாங்கும் வேலையே கிடையாது. 'சிங்கிங் இன் த ரெயின்' (1952) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுகள் பெரும்பாலும் ஃப்ரீடே இருபதுகளிலும் முப்பதுகளிலும் நாசியோ ஹெர்ப் பிரவுனோடு சேர்ந்து எழுதிய பழைய பாட்டுகள், ஸ்டூடியோவின் சொத்து. கதையே அந்தப் பாட்டுகளைக் கோப்பதற்காக எழுதியது. ஜீன் கெல்லி குடையைச் சுழற்றிக்கொண்டு நனைகிற அந்தத் தெரு, ஸ்டூடியோவுக்குள்ளேயே நிரந்தரமாக நின்றுகொண்டிருந்த தெரு. அவருக்கு அன்றைக்கு 103 டிகிரி காய்ச்சல் என்பது எல்லாரும் சொல்லும் கதை. மொத்தச் செலவு சுமார் 25 லட்சம் டாலர். அந்தக் காலத்துக்கு அதுவே கொஞ்சம் தாராளம்தான். 25 லட்சம், ஜீன் கெல்லி, இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

இந்த ஏற்பாடு ஐம்பதுகளில் செங்கல் செங்கலாகக் கழன்றது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் கொடுத்த தீர்ப்பால் ஸ்டூடியோக்கள் தங்கள் சொந்தத் தியேட்டர்களை விற்க வேண்டி வந்தது. அதுவரை படம் எப்படியிருந்தாலும் தன் தியேட்டரில் ஓட்டிக்கொள்ளலாம், வருடத்துக்கு நாற்பது ஐம்பது படம் எடுக்கலாம், அத்தனை பேருக்கும் மாதச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகும். அந்த உறுதி போனது. அப்புறம் டெலிவிஷன். 1946இல் வாரத்துக்கு எட்டு ஒன்பது கோடி டிக்கெட் விற்ற நாட்டில் 1970 வாக்கில் அது இரண்டு கோடிக்கும் கீழே வந்துவிட்டது. 1958இல் இசைக் கலைஞர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நிரந்தர வாத்தியக்குழு வைத்துக்கொள்வதையே ஸ்டூடியோக்கள் விட்டுவிட்டன. அறுபதுகள் வந்தபோது, ஒரு மியூசிக்கல் எடுப்பது என்றால் எல்லாவற்றையும் வெளியிலிருந்து, சந்தை விலைக்கு, புதிதாகக் கூட்ட வேண்டும் என்ற நிலை.

பாட்டையும் கூடத்தான். சொந்தமாகப் பாட்டு எழுத ஆள் இல்லாததால் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஏற்கெனவே ஓடிய நாடகத்தை விலைக்கு வாங்குவது வழக்கமானது. 'மை ஃபேர் லேடி'யின் உரிமைக்கு மட்டும் வார்னர் கொடுத்தது 55 லட்சம் டாலர், அதாவது கெல்லி நனைந்த படத்தின் மொத்தச் செலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இவ்வளவு கொடுத்து வாங்கிய பிறகு சின்னதாகவா எடுப்பார்கள்? 70 எம்.எம்., ஆறு டிராக் ஒலி, மூன்று மணி நேரம். வெளியீடும் தனி தினுசு, ரோட்ஷோ என்று பெயர். ஊருக்கு ஒரே தியேட்டர், நாளைக்கு இரண்டே காட்சி, முன்பதிவு செய்த எண் போட்ட இருக்கை, டிக்கெட் விலை அதிகம், விளக்கு அணைவதற்கு முன் வாத்திய முன்னிசை, நடுவில் இடைவேளை, வெளியே விற்பனைக்கு வண்ணப் படப் புத்தகம். (இடைவேளை இல்லாத படம்தான் நமக்கு அதிசயம். அங்கே இடைவேளை விட்டால் அது பெரிய வீட்டுக் கல்யாணம் என்று அர்த்தம்.) டெலிவிஷன் தர முடியாததைத் தருகிறோம் என்பது கணக்கு, சில வருடம் அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1961இல் வந்து பத்து ஆஸ்கர் வாங்கியது. 'மை ஃபேர் லேடி' 1964இல் வந்து எட்டு. இரண்டிலும் கதாநாயகிக்குப் பாடியது மார்னி நிக்ஸன் என்ற ஒரே குரல், ஆனால் இரண்டு படத்திலும் அவர் பெயர் கிடையாது. நட்சத்திரம் தானே பாடுவதாக நம்பவைக்க வேண்டுமாம். பின்னணிப் பாடகரின் பெயரைச் சொல்லியே பாட்டை அடையாளம் காட்டும் ஊரிலிருந்து பார்த்தால் இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

இதற்கிடையில் இன்னொன்றும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது, இல்லை, நல்ல சத்தத்தோடுதான். ஐம்பதுகளின் நடுப்பகுதிவரை பிராட்வே பாட்டும் வானொலியில் கேட்கும் பாட்டும் ஒன்றுதான். தாத்தாவும் பேரனும் முணுமுணுப்பது ஒரே மெட்டு. ராக் அண்ட் ரோல் வந்து அதைப் பிளந்தது. 1964 மே மாதம் லூயி ஆம்ஸ்ட்ராங், 62 வயதில், 'ஹலோ, டாலி!' என்ற பிராட்வே பாட்டைப் பாடி, பதினான்கு வாரமாக முதலிடத்தைப் பிடித்து வைத்திருந்த பீட்டில்ஸைக் கீழே இறக்கினார். அதைப் பார்த்தவர்கள் பழைய மெட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் அது அணையப்போகிற விளக்கின் கடைசிச் சுடர் மாதிரி தெரிகிறது.

சரி, 1965க்கு வருவோம். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் அப்போதுதான் 'கிளியோபாட்ரா'விலிருந்து பிழைத்து எழுந்திருந்தது. நாலு கோடி டாலருக்கும் மேல் விழுங்கிய படம் அது. ஸ்டூடியோவின் நிலத்தில் பெரும்பகுதியை விற்றுவிட்டார்கள், இன்றைய செஞ்சுரி சிட்டி வானளாவிகள் நிற்பது அந்த இடத்தில்தான். 1962இல் ஆளெல்லாம் அனுப்பி ஏறக்குறைய கதவையே சாத்தியிருந்தார்கள். அந்த நிலையில் வந்தது ராபர்ட் வைஸ் இயக்கி ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்'. விமர்சகர்கள் பலர் சர்க்கரை அதிகம் என்று முகம் சுளித்தார்கள், ஜனங்களோ திரும்பத் திரும்பப் போனார்கள். சால்ட் லேக் சிட்டியில் ஊர் மக்கள்தொகையைவிட அதிக டிக்கெட் விற்றதாகச் சொல்வார்கள். 1939இலிருந்து யாரும் தொடமுடியாமல் இருந்த 'கான் வித் த விண்ட்' வசூலை இது தாண்டியது. செத்துக்கொண்டிருந்த கம்பெனியை ஒரே படம் தூக்கி நிறுத்திவிட்டது.

அந்த வெற்றியிலிருந்து என்ன பாடம் படித்திருக்கலாம்? படத்தின் செலவு 82 லட்சம் டாலர், 'மை ஃபேர் லேடி'யில் பாதிகூட இல்லை. குழந்தைகளுக்குக் குழந்தைகள், அம்மாக்களுக்குக் காதல், அப்பாக்களுக்கு நாஜிகளிடமிருந்து தப்பிக்கும் பரபரப்பு, எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாட்டு, பின்னால் நிஜமான சால்ஸ்பர்க். இதெல்லாம் எப்போதும் ஒன்றாகக் கூடிவராது. ஃபாக்ஸ் படித்த பாடமோ வேறு: பெரிய மியூசிக்கல் எடுத்தால் பெரிய பணம் வரும், இன்னும் பெரிதாக எடுத்தால் இன்னும் பெரிய பணம் வரும். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை நமக்குத் தெரியும். இங்கே புலியே தன்னைக் கண்ணாடியில் பார்த்துத் தனக்குச் சூடு போட்டுக்கொண்டது, அதுவும் மூன்று முறை.

முதல் சூடு 'டாக்டர் டூலிட்டில்' (1967). மிருகங்களோடு பேசும் வைத்தியர் கதை, ரெக்ஸ் ஹாரிசன் நாயகன். அமெரிக்காவில் மாதக்கணக்காகப் பழக்கிய மிருகங்களை பிரிட்டனுக்குள் கொண்டுபோக முடியவில்லை, அந்நாட்டின் தனிமைப்படுத்தல் சட்டம் அப்படி. அதனால் அங்கே வேறு கூட்டத்தைப் பிடித்து முதலிலிருந்து பழக்கினார்கள். படப்பிடிப்புக்குத் தேர்ந்தெடுத்தது கோடை மழைக்குப் பேர்போன வில்ட்ஷரில், காஸில் கூம் என்ற அழகான கிராமம். மழை பெய்தது. பெய்துகொண்டே இருந்தது. ஊர்க்காரர்களின் கூரையிலிருந்த டிவி ஆன்டெனாவையெல்லாம் கழற்றச் சொன்னதில் அவர்களுக்குக் கோபம் வேறு. ஓடையை அணை போட்டுத் துறைமுகமாக மாற்றியது பொறுக்காமல் ராணுவத்திலிருந்த ஓர் இளைஞர் அந்த அணையை வெடிவைத்துத் தகர்க்கப் போய் மாட்டிக்கொண்டார். பின்னாளில் துருவப் பயணங்களால் புகழ்பெற்ற ரனல்ஃப் ஃபைன்ஸ்தான் அந்த ஆள். கடைசியில் யூனிட் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பி அங்கே பாதி ஊரைச் செட் போட்டு எடுத்தது. செலவு 1.7 கோடி. படம் படுத்தது. ஆனாலும் ஆஸ்கர் வாக்காளர்களுக்கு விருந்தோடு படம் போட்டுக் காட்டி, சிறந்த படத்துக்கான பட்டியலில் இடம் பிடித்துவிட்டார்கள். அதே பட்டியலில் 'பானி அண்ட் கிளைட்', 'த கிராஜுவேட்', 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' எல்லாம் இருந்தன. அந்த வருடத்துப் பட்டியலைப் படித்தாலே ஒரே ரயிலில் இரண்டு நூற்றாண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

இரண்டாவது 'ஸ்டார்!' (1968). அதே ஜூலி ஆண்ட்ரூஸ், அதே ராபர்ட் வைஸ், செலவு 1.4 கோடி. ஆண்ட்ரூஸ் நடித்தால் போதும் என்று நினைத்தார்கள், ஆனால் ஜனங்கள் விரும்பியது கிதார் வைத்திருக்கும் அந்த டீச்சரை, குடித்துவிட்டுச் சண்டை போடும் மேடை நடிகையை அல்ல. படம் ஓடாததால் ஏகப்பட்ட காட்சிகளை வெட்டி, பெயரையும் மாற்றி மறுபடி விட்டுப் பார்த்தார்கள். அதுவும் போணியாகவில்லை.

மூன்றாவதுதான் பெரிய சூடு, 'ஹலோ, டாலி!' (1969). ஆம்ஸ்ட்ராங் பாடிய அதே பாட்டு, அதே நாடகம். இயக்கம் ஜீன் கெல்லி. செலவு சுமார் 2.5 கோடி டாலர். பதினேழு வருடத்தில் அதே மனிதர், சரியாகப் பத்து மடங்கு பணம். விலைவாசி ஏற்றம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அந்தப் பதினேழு வருடத்தில் அமெரிக்க விலைவாசி ஏறியது நாற்பது சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான்.

பணம் எங்கே போனது என்று திரையிலேயே பார்க்கலாம். 1890களின் நியூயார்க்கை ஃபாக்ஸ் வளாகத்திலேயே கட்டினார்கள். ஸ்டூடியோவின் அலுவலகக் கட்டடங்களுக்கு முன்னால் பொய்ச் சுவர் எழுப்பி, மேலே ரயில்பாதை வைத்து, ஒரு முழுத் தெரு. செட்டுக்கு மட்டும் 20 லட்சத்துக்கு மேல். ஊர்வலக் காட்சியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துணை நடிகர்கள் நடக்கிறார்கள். இதை எழுத உட்காரும் முன் அந்த ஊர்வலத்தை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தேன். குதிரை வருகிறது, பேண்டு வருகிறது, வண்டி வருகிறது, இன்னொரு பேண்டு வருகிறது. கேமரா எல்லாவற்றையும் காட்டியாக வேண்டிய கட்டாயத்தில் இருப்பது தெரிகிறது. கொடுத்த காசுக்குக் கணக்குக் காட்டுகிற மாதிரி. மழையில் ஒற்றை ஆளாக ஆடியபோது அதே கெல்லி ஒரு விளக்குக் கம்பத்தை வைத்துக்கொண்டு செய்ததில் பத்தில் ஒரு பங்குகூட இந்த மூவாயிரம் பேரால் ஆகவில்லை.

டாலி என்பவள் நடுவயதைத் தாண்டிய விதவை. நடித்தது இருபதுகளில் இருந்த பார்பரா ஸ்ட்ரைசாண்ட். அவருக்கும் உடன் நடித்த வால்டர் மத்தாவுக்கும் ஆகவே ஆகாது என்பது அப்போதே ஊரறிந்த சங்கதி. இதைவிட வேடிக்கை ஒப்பந்தத்தில் இருந்தது. பிராட்வேயில் நாடகம் ஓடும்வரை, அல்லது 1971 ஜூன் வரை, படத்தை வெளியிடக் கூடாது. நாடகமோ நிற்கிற வழியாக இல்லை. எடுத்து முடித்த படம் டப்பாவில் தூங்குகிறது, கடனுக்கு வட்டி ஏறுகிறது. கடைசியில் நாடகத் தயாரிப்பாளருக்குத் தனியாகப் பணம் கொடுத்து அனுமதி வாங்கி 1969 டிசம்பரில் வெளியிட்டார்கள். கவனிக்க வேண்டியது, இது கூட்டமே வராத படம் இல்லை. அந்த வருடத்தின் நல்ல வசூல் படங்களில் இதுவும் ஒன்று. டிக்கெட் பணத்தில் பாதியைத் தியேட்டர்காரர் எடுத்துக்கொள்வார், விளம்பரம், பிரிண்ட் செலவு தனி. ஆக, போட்டதைப்போல் இரண்டு இரண்டரை மடங்கு வசூலானால்தான் அசலே தேறும். சாதாரண வெற்றி போதாத, வரலாற்று வெற்றி மட்டுமே காப்பாற்றக்கூடிய பட்ஜெட் அது.

இதில் இன்னொரு சிக்கல், கால இடைவெளி. உரிமை வாங்கி, திரைக்கதை எழுதி, செட் போட்டு, எடுத்து, வெட்டி வெளியிட மூன்று நான்கு வருடம். 1965இல் எடுத்த முடிவு 1969இல்தான் திரைக்கு வருகிறது. அந்த நான்கு வருடத்தில் தணிக்கை விதிகள் போய் வயதுவாரிச் சான்றிதழ் வந்துவிட்டது, நாலு லட்சம் டாலரில் எடுத்த 'ஈஸி ரைடர்' கோடிகளை அள்ளிவிட்டது. ஃபாக்ஸுக்குள்ளேயே பெரிய படங்களின் கணக்கில் நிர்வாகம் மூழ்கியிருந்தபோது, கண்ணில் படாமல் ஓரமாக ராபர்ட் ஆல்ட்மன் எடுத்த 'மேஷ்' அதன் செலவைப்போல் பல மடங்கு சம்பாதித்தது. ஆனால் பாட்டுக் கப்பல்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டன, அவற்றை நடுக்கடலில் திருப்ப முடியாது.

மற்ற ஸ்டூடியோக்களும் சும்மா இருக்கவில்லை. பாரமவுண்ட் லீ மார்வினையும் கிளிண்ட் ஈஸ்ட்வுட்டையும் (ஆமாம், அவர்தான்) பாடவைத்து ஓரிகன் காட்டுக்குள் ஓர் ஊரையே கட்டி 'பெயிண்ட் யுவர் வேகன்' எடுத்தது, இரண்டு கோடி. உடனே 'டார்லிங் லிலி', இரண்டரைக் கோடி. யுனிவர்சலின் 'ஸ்வீட் சாரிட்டி', வார்னரின் 'கேமலாட்', வரிசை நீளம். 1970இல் ஃபாக்ஸுக்கு ஏழு கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இதில் மியூசிக்கலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, 'டோரா! டோரா! டோரா!' என்ற யுத்தப் படமும் தன் பங்குக்கு விழுங்கியது. அந்த டிசம்பரில் தயாரிப்புத் தலைவர் ரிச்சர்ட் சானக்கை அவருடைய சொந்த அப்பா டேரில் சானக் தலைமையிலான குழுவே வெளியே அனுப்பியது. அடுத்த வருடம் அப்பாவும் போனார்.

ஜனங்களுக்குப் பாட்டுப் படம் பிடிக்காமல் போனதுதான் காரணம் என்றால் 'ஃபன்னி கேர்ள்' எப்படி ஓடியது, 'ஆலிவர்!' எப்படி 1968இன் சிறந்த படம் ஆனது, 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' 1971இல் எப்படி அப்படி வசூல் செய்தது? சுமார் 90 லட்சத்தில் எடுத்த படம் அது. நல்ல கதை, கட்டுப்பட்ட செலவு இருந்தால் ஓடத்தான் செய்தது. ஆனால் சூடு பட்ட ஸ்டூடியோக்களுக்கு இதையெல்லாம் பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லை. முன்னே 'மியூசிக்கல் என்றால் பணம்' என்று நம்பியவர்களே இப்போது 'மியூசிக்கல் என்றால் விஷம்' என்று நம்பினார்கள்.

1972இல் வந்த 'கேபரே' இன்னொரு வழியைக் காட்டியது, என் பார்வையில் அதுவே ஒரு சாபமாகவும் ஆனது. 'ஸ்வீட் சாரிட்டி'யை இயக்கி அடிபட்ட பாப் ஃபாஸி, அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலான செலவில், பாட்டையெல்லாம் ஒரு பெர்லின் கிளப்பின் மேடைக்குள் அடைத்துவிட்டார். நடுத்தெருவில் யாரும் திடீரென்று பாட மாட்டார்கள். மேடைக்கு வெளியே வரும் ஒரே பாட்டும் பீர் தோட்டத்தில் ஒரு நாஜிப் பையன் எல்லார் முன்னாலும் எழுந்து பாடுவதுதான். அபாரமான படம், எட்டு ஆஸ்கர். அதன் பிறகு ஹாலிவுட்டில் பாட ஒரு சாக்கு தேவைப்பட ஆரம்பித்தது. 'சாட்டர்டே நைட் ஃபீவர்' என்றால் டிஸ்கோ கிளப், பாடுகிறவர் திரையில் இல்லை. அனிமேஷன் என்றால் பரவாயில்லை, மீனும் நண்டும் பாடலாம். டிஸ்னி 1989லிருந்து பிராட்வே ஆட்களான ஹோவர்ட் ஆஷ்மன், ஆலன் மென்கனை வைத்துக்கொண்டு உண்மையான மியூசிக்கலைத்தான் எடுத்தது, குழந்தைப் படம் என்ற போர்வையில். 2002இல் 'சிகாகோ' வந்து 'ஆலிவர்!'க்குப் பிறகு முதல்முறையாகச் சிறந்த படம் வாங்கியபோதும் பாட்டெல்லாம் கதாநாயகியின் மண்டைக்குள்தான் நடந்தது. 'கிரீஸ்' போலச் சாக்கில்லாமல் பாடி ஜெயித்தவையும் உண்டு, ஆனால் ஸ்டூடியோக்காரர்கள் அதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். உச்சம் 1994: ஜேம்ஸ் எல். புரூக்ஸ் 'ஐ'ல் டூ எனிதிங்' என்ற படத்தைப் பிரின்ஸ் எழுதிய பாட்டுகளோடு மியூசிக்கலாகவே எடுத்தார். முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்கள் நெளிந்ததைப் பார்த்துவிட்டுப் பாட்டுகளை வெட்டி எடுத்துச் சாதாரணப் படமாக வெளியிட்டார்கள். அப்படியும் ஓடவில்லை.

2021இல் ஸ்பீல்பெர்க் எந்தச் சாக்கும் சொல்லாமல், தெருவில் இறங்கி ஆடவிட்டு 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை மறுபடி எடுத்தார். பத்துக் கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க வசூல் ஏழரைக் கோடி சொச்சம். கொரோனா காலம் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டூடியோக்கள் எடுத்துக்கொண்ட பாடம் பழைய பாடமே.

2023 கடைசியில் 'வோங்கா' வந்தது. ட்ரெய்லரில் சாக்லேட் இருந்தது, மாயாஜாலம் இருந்தது, நகைச்சுவை இருந்தது, நாயகன் பாடுவது மட்டும் தெரியாதபடி கவனமாக வெட்டியிருந்தார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்து விளக்கு அணைந்ததும், கப்பலின் பாய்மரத்து உச்சியில் நின்றுகொண்டு டிமோத்தி ஷாலமே முதல் காட்சியிலேயே பாட ஆரம்பித்துவிடுகிறார். யாரும் எழுந்து போகவில்லை போலிருக்கிறது, படம் அறுபது கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.